நிற்கும் வண்டியும் ஓடும் வண்டியும்: மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரின் இயற்பியல்

மோட்டார் சைக்கிளில் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் இடைவிடாமல் வந்து இறங்குபவரைக் கவனித்துப் பாருங்கள். தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற முயல்வார். விரல்கள் உடனே இணங்குவதில்லை. இரு கைகளையும் உதறுவார், தோள்களைச் சுழற்றுவார், இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைவார். சிலருக்குச் சுண்டுவிரல் மரத்திருக்கும். சிலருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும்.

"உடம்புக்குப் பழக்கமில்லை, போகப்போகச் சரியாகிவிடும்" என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். அப்படி ஒதுக்கத்தக்க செய்தி அன்று இது. முன் பிரேக்கை இழுக்க வேண்டியவை இந்த மரத்த விரல்களே. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. உணர்விழந்த விரல் பிரேக் லீவரைத் தேடிப் பிடிப்பதில் அரை விநாடி தாமதித்தால், வண்டி 11 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அது ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளம்.

இத்துன்பத்துக்குப் பலர் நாடும் மருந்து, வண்டியோடு வந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது. உயரமானவை, அகலமானவை, ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் வளைந்தவை என உதிரிப்பாகக் கடைகளில் பல வகைகள் கிடைக்கின்றன. வாங்கிப் பொருத்தி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஏறி உட்கார்ந்து பார்த்தால் நாற்காலியில் அமர்ந்ததுபோல் சுகமாக இருக்கும். ஆனால் அதே வண்டியில் ஒருநாள் முழுதும் பயணம் செய்தபின் கைவலி போய்த் தோள்வலி வந்திருக்கும். பணம் செலவாயிற்று, நோய் இடம் மாறிற்று, தீரவில்லை.

ஏன் இப்படி? நிற்கும் வண்டியில் நம் உடல்மீது செயற்படும் விசைகள் வேறு; ஓடும் வண்டியில் செயற்படும் விசைகள் வேறு. இந்த வேறுபாட்டைப் பள்ளி இயற்பியல் கொண்டே கணக்கிட்டுவிடலாம். எந்த ஹேண்டில்பார் யாருக்குப் பொருந்தும் என்பதும் அக்கணக்கிலிருந்தே தெளிவாகும்.

மூன்று தாங்குதளங்கள்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் உடல் மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது: சீட், கால்மிதி, ஹேண்டில்பார். இம்மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் வடிவமே உட்காரும் நிலையைத் தீர்மானிக்கிறது. சீட்டும் கால்மிதியும் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை முடிவு செய்கின்றன. சீட்டும் ஹேண்டில்பாரும் உடல் எவ்வளவு முன்னால் சாயும் என்பதை முடிவு செய்கின்றன. இந்த மூன்றனுள் எளிதாக மாற்றத்தக்கது ஹேண்டில்பார்தான் என்பதால் எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள்.

மனித உடலின் நிறையில் தலை, கைகள், இடுப்புக்கு மேற்பட்ட உடற்பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 40 கிலோ. விசையாகச் சொன்னால் 400 நியூட்டன். இந்த மேலுடலின் ஈர்ப்பு மையம் இடுப்பு மூட்டிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

உடல் செங்குத்தாக இருந்தால் இந்த எடை நேராக இடுப்பின்மீது இறங்குகிறது, திருப்புத்திறன் இல்லை. உடல் முன்னால் சாய்ந்தால் எடை இடுப்பை மையமாகக் கொண்டு உடலைக் கீழே கவிழ்க்கப் பார்க்கும். 30 பாகை சாய்ந்தால், திருப்புத்திறன் 400 × 0.30 × சைன் 30° = 60 நியூட்டன்-மீட்டர். இதை யாராவது தாங்கியாக வேண்டும். முதுகுத் தசைகள் தாங்கலாம். அவை களைத்தால் கைகள் தாங்க வேண்டும். இடுப்பிலிருந்து தோள்வரை உள்ள நீளம் 50 செ.மீ. என்றும், கைகள் தோள் மட்டத்தில் உடலைத் தாங்குகின்றன என்றும் கொண்டால், நிற்கும் வண்டியில் இரு கைகளும் சேர்ந்து ஏறத்தாழ 140 நியூட்டன் விசையால் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு கைக்கும் 7 கிலோ. கைகள் மரப்பதில் வியப்பில்லை.

"அப்படியானால் நிமிர்ந்து உட்காரும்படி உயரமான ஹேண்டில்பார் பொருத்திவிட்டால் போயிற்று" என்று தோன்றும். பலர் தவறுவது இங்கேதான்.

காற்று என்னும் தலையணை

இந்தக் கணக்கில் நாம் காற்றைச் சேர்க்கவில்லை. வண்டி ஓடும்போது காற்று மார்பின்மீது மோதி உடலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இவ்விசை காற்றின் அடர்த்தி, உடலின் பரப்பு, அதன் வடிவம், திசைவேகத்தின் இருமடி ஆகியவற்றைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோ. முன்கண்ணாடி இல்லாத வண்டியில், பரப்பையும் வடிவத்தையும் சேர்த்து 0.4 சதுரமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். விசை = ½ × 1.2 × 0.4 × (திசைவேகம்)². சுருக்கினால், திசைவேகத்தின் இருமடியை 0.24 ஆல் பெருக்கினால் போதும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இது 30 நியூட்டன். 60 கி.மீ. வேகத்தில் 67 நியூட்டன். 80 கி.மீ. வேகத்தில் 119 நியூட்டன்; அதாவது 12 கிலோ எடை மார்பை அழுத்துவது போன்றது. 100 கி.மீ. வேகத்தில் 185 நியூட்டன். வேகம் இரு மடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள்.

எடை உடலை முன்னால் கவிழ்க்கிறது. காற்று பின்னால் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும் சாய்வு ஒன்று இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தச் சாய்வில் முதுகுக்கும் வேலையில்லை, கைகளுக்கும் வேலையில்லை. உடல் காற்றின்மீதே சாய்ந்து ஓய்வெடுக்கும். காற்று மோதும் விசையின் மையமும் ஈர்ப்பு மையமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அந்தக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு, காற்று விசையை மேலுடலின் எடையால் வகுத்தால் வருவது. மிக எளிய சமன்பாடு.

இதிலிருந்து கிடைக்கும் கோணங்கள் வருமாறு:

மணிக்கு 40 கி.மீ.: 4 பாகை
மணிக்கு 60 கி.மீ.: 9½ பாகை
மணிக்கு 80 கி.மீ.: 16½ பாகை
மணிக்கு 100 கி.மீ.: 25 பாகை

ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும், இறுகிய உடைக்கும் காற்றில் படபடக்கும் உடைக்கும் இவ்வெண்கள் சற்று மாறும். ஆனால் போக்கு மாறாது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஹேண்டில்பார் என்று ஒன்று கிடையாது. நீங்கள் பெரும்பாலும் எந்த வேகத்தில் செல்கிறீர்களோ, அந்த வேகத்துக்கு ஏற்றதுதான் உங்களுக்கு ஏற்றது.

இப்போது முற்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் நிலையைப் பாருங்கள். நிற்கும் வண்டியில் அவர் கைகளுக்குச் சுமையே இல்லை. 80 கி.மீ. வேகத்தில் 119 நியூட்டன் விசை அவரைப் பின்னால் கவிழ்க்கிறது. அதைத் தாங்க அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்: ஒவ்வொரு கைக்கும் ஏறத்தாழ மூன்றரை கிலோ. மணிக்கணக்கில் இரு கைகளிலும் பை தூக்கி நிற்பது போன்றதுதான் இது. தோள் வலிக்காமல் என்ன செய்யும்? அத்துடன், ஹேண்டில்பாரைப் பற்றித் தொங்கும் கை, காற்றினால் உடல் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் முன்சக்கரத்துக்குச் செலுத்துகிறது. வண்டி நேர்கோட்டில் நிலைத்துச் செல்வது கெடும். மேலும், முதுகெலும்பு செங்குத்தாக நிற்கையில், பள்ளத்தில் சக்கரம் விழும் அதிர்ச்சி வளைந்து கொடுக்க இடமின்றி நேராக மேலேறுகிறது.

முன்கண்ணாடி பொருத்தியவர்கள் சிலர், "கண்ணாடி வைத்த பிறகு மணிக்கட்டு வலிக்கிறது" என்று குறைப்படுவதுண்டு. நம் சமன்பாடு இதையும் விளக்கும். கண்ணாடி காற்றை மறைத்துவிட்டது. முன்பு உடலைத் தாங்கிய தலையணை போய்விட்டது. அந்தச் சுமை முழுதும் இப்போது கைகளில். ஆகவே முன்கண்ணாடி பொருத்துவோர் ஹேண்டில்பாரைச் சற்றே உயர்த்திப் பின்னுக்குக் கொணர்வது பொருத்தமாகும்.

எவ்வளவு நகர்த்த வேண்டும்?

30 பாகை சாய்ந்து ஓட்டும் ஒருவர் 17 பாகைக்கு வர விரும்புகிறார். அவர் தோள் எவ்வளவு நகரும்? 50 செ.மீ. நீளமுள்ள மேலுடல் 30 பாகை சாய்ந்தால், தோள் இடுப்புக்கு 25 செ.மீ. முன்னால் இருக்கும், 17 பாகையில் 14½ செ.மீ. முன்னால் இருக்கும். எனவே தோள் பின்னுக்கு நகர்வது 10½ செ.மீ. மேல்நோக்கி நகர்வதோ 4½ செ.மீ. மட்டுமே. கைகளின் வளைவு மாறாமலிருக்க வேண்டுமானால் ஹேண்டில்பாரும் இதே அளவு நகர வேண்டும்.

இதில் ஒரு பாடம் உண்டு. சாய்வைக் குறைக்க "உயரம்" வேண்டும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரிதும் தேவைப்படுவது "பின்னோக்கிய வளைவு". பழைய ஹேண்டில்பாரின் அடியில் ரைசர் எனப்படும் உயர்த்தும் துண்டு வைத்தால் உயரம் கிடைக்கும். முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் சிறிதளவு பின்னோக்கிய நகர்வும் கிடைக்கும். ஃபோர்க் 27 பாகை சாய்ந்த வண்டியில், அதே சாய்வில் 3 செ.மீ. ரைசர் வைத்தால் கைப்பிடி பின்னுக்கு வருவது 1.4 செ.மீ. தான். பெரிய மாற்றம் வேண்டுவோருக்கு இது போதாது. அவர்களுக்கே புதிய ஹேண்டில்பார்.

உடல் பின்னால் சென்றால் முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்துவிடுமோ என்ற ஐயம் எழலாம். மேற்சொன்ன மாற்றத்தில் மேலுடலின் ஈர்ப்பு மையம் நகர்வது 6 செ.மீ. இரு சக்கரங்களுக்கும் இடையே 140 செ.மீ. தூரமுள்ள வண்டியில், முன்சக்கரத்தின் சுமை குறைவது 40 × 6 ÷ 140, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. அஞ்ச வேண்டியதில்லை.

எந்த விரல் மரக்கிறது?

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் நாமும் விரலைப் பார்த்தே நோயின் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். உள்ளங்கைக்குள் இரண்டு முக்கிய நரம்புகள் நுழைகின்றன. ஒன்று மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய குகை வழியாகச் சென்று கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருகிறது. மற்றொன்று சுண்டுவிரல் பக்கமாகச் சென்று சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் மறுபாதிக்கும் உணர்வு தருகிறது. இந்த இரண்டாவது நரம்பு உள்ளங்கையின் அடிப்பகுதியில் செல்லும் வழியை 1861-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் குயோன் விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அவ்விடத்தில் நரம்புக்குத் தசைமெத்தை குறைவு. நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுவோருக்குச் சுண்டுவிரல் மரப்பது இதனால்தான்.

ஆகவே சுண்டுவிரல் மரத்தால், உடலின் எடை உள்ளங்கையின் வெளி ஓரத்தில் இறங்குகிறது என்று ஊகிக்கலாம். சாய்வு அதிகம், அல்லது ஹேண்டில்பார் நுனி மேல்நோக்கி நிற்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்தால், மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கியபடி இறுகப் பிடித்திருக்கிறீர்கள். அப்போது முதலில் திருத்த வேண்டியது ஹேண்டில்பாரை அன்று. கிளச், பிரேக் லீவர்களின் கோணத்தை. விரல்களை நீட்டி லீவர்மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒரே நேர்கோடாக அமைய வேண்டும். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும், காசு செலவில்லை.

பென்சில் சோதனை

இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு முக்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, இரு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலைத் தளர்வாகப் பிடித்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, வண்டி ஓட்டுவதுபோல் கைகளை நீட்டுங்கள். நண்பர் ஒருவரை மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இரு பென்சில்களும் ஒரே நேர்கோட்டில் இரா. வெளிநுனிகள் உங்களை நோக்கிச் சற்றே பின்னாலும், சற்றே கீழாகவும் சாய்ந்திருக்கும். அதுவே உங்கள் மணிக்கட்டு விரும்பும் கோணம். நேரான குழாயைப் பிடித்தால் மணிக்கட்டு பக்கவாட்டில் ஒருபுறம் மடங்கும். அளவுக்கு மீறிப் பின்னால் வளைந்த குழாயைப் பிடித்தால் மறுபுறம் மடங்கும். கடையில் ஹேண்டில்பாரைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் இக்கோணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அகலமும் நெம்புகோலும்

ஹேண்டில்பார் ஒரு நெம்புகோல். 70 செ.மீ. அகலமுள்ளதில் ஒவ்வொரு கையும் நடுவிலிருந்து 35 செ.மீ. தூரத்தில் உள்ளது. 80 செ.மீ. அகலமுள்ளதை மாற்றினால் அது 40 செ.மீ. ஆகிறது. அதே திருப்புத்திறனுக்குத் தேவைப்படும் விசை எட்டில் ஒரு பங்கு குறைகிறது. சுமையேற்றிய வண்டியை மலைப்பாதை வளைவுகளில் நாள் முழுதும் திருப்புவோருக்கு இது நல்ல உதவி.

ஆனால் நெம்புகோலில் இலவசம் எதுவும் இல்லை. விசை குறைந்தால் தூரம் கூடும். ஹேண்டில்பாரை 40 பாகை திருப்பும்போது, வெளிப்பக்கக் கை 70 செ.மீ. அகலத்தில் 22½ செ.மீ. முன்னால் செல்ல வேண்டும், 80 செ.மீ. அகலத்தில் ஏறத்தாழ 26 செ.மீ. கை குட்டையானவருக்கு வண்டியை முழுவதும் வளைத்துத் திருப்பும்போது கைப்பிடி எட்டாமல் போகக்கூடும். கைகள் விரிய விரிய மார்பும் காற்றுக்கு அகன்று நிற்கிறது. தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதே நெடும்பயணத்துக்கு உகந்தது.

அதிர்வின் கதை

இதுவரை நிலைவிசைகளைக் கண்டோம். விரல்கள் மரப்பதற்கு மற்றொரு காரணம் அதிர்வு. இதற்கு நம் நாட்டுச் சாலைகளில் நன்கு பழகிய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1955-இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுழலும்போது, பிஸ்டன் ஓட்டத்தின் முனையில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 450 மடங்கு! பிஸ்டனோடு சேர்ந்து இயங்கும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 45 கிலோ எடைக்குச் சமமான விசை விநாடிக்கு 50 முறை மேலும் கீழும் மாறிமாறி வண்டியின் சட்டத்தை உலுக்குகிறது.

கிராங்க் தண்டில் எதிர் எடை வைத்தால் இவ்விசை முழுதும் அழியாது. ஒரு பகுதி திசை மாறி, மேல்கீழாக இருந்தது முன்பின்னாக ஆகிவிடும். கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் சமன்தண்டு ஒன்றைச் சேர்த்தால்தான் முதன்மை அதிர்வு பெரிதும் அடங்கும். ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. வண்டிகளில் 2020 முதல் வந்த புதிய எஞ்சின் வரிசையில் இத்தண்டு உண்டு. புல்லட்டுக்கு அது 2023-இல் வந்தது. அதற்கு முற்பட்ட புல்லட்டுகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன.

எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பாரை அடையும்போது அங்கு நடப்பது ஒத்ததிர்வு. நடுவில் இறுக்கப்பட்டு இரு நுனிகளும் விடுபட்ட குழாய்க்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு; மேசை விளிம்பில் நீட்டிப் பிடித்த அளவுகோலைச் சுண்டினால் துடிப்பதுபோல. எஞ்சினின் அதிர்வெண் அதோடு ஒத்துவரும்போது நுனி மிகுதியாகத் துடிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கை கூசுகிறது, அதற்கு மேலும் கீழும் அவ்வளவாக இல்லை என்றால், ஒத்ததிர்வே காரணம். ஹேண்டில்பாரில் பொருத்திய பின்பார்வைக் கண்ணாடியும் இதற்கு ஒரு சான்று கூறும். எந்த வேகத்தில் பிம்பம் கலங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் தண்டுக்கும் தனி அதிர்வெண் உண்டாகையால், கை உணர்வோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

கைப்பிடி நுனிகளில் எடை பொருத்துவது வழக்கமான பரிகாரம். இயல்பு அதிர்வெண் நிறையின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நுனியின் பயனுறு நிறை இரு மடங்கானால் அதிர்வெண் 71 விழுக்காடாகக் குறையும். முதலில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் 35 ஆகிவிடும். 3000 சுற்றில் வந்த தொல்லை 2100 சுற்றுக்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் அந்தச் சுற்றில் நீங்கள் ஓட்டப்போவதில்லை, நிம்மதி.

ஆனால் முதலில் அது 70 ஹெர்ட்ஸாக இருந்திருந்தால்? தொல்லை 4200 சுற்றில் மட்டும் இருந்திருக்கும். எடை பொருத்தியதும் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் 3000 சுற்றிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்! நண்பருக்குப் பலித்த பரிகாரம் உங்களுக்குப் பலிக்காமல் போவதன் மர்மம் இதுதான். குழாயின் நீளமும் இதே விளையாட்டை ஆடும். நுனியில் எடையுள்ள குழாயின் அதிர்வெண், அதன் நீளத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதம். 35 செ.மீ. புயம் 40 ஆனால் அதிர்வெண் 82 விழுக்காடாகிறது. ஆகவே அகலமான ஹேண்டில்பார் வாங்குபவர், அறியாமலே அதிர்வையும் மாற்றி வாங்குகிறார்.

ரப்பர் தாங்கிகளும் பயன்படும்; ஆனால் நிபந்தனையோடு. எஞ்சினின் அதிர்வெண், ரப்பர்மேல் அமர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே கூட்டவே செய்யும். மிகமிக மென்மையான ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும். வண்டி கைக்குக் கட்டுப்படும் நயமும் சேர்ந்து குறையும். இறுகப் பிடிக்கும் கை அதிர்வை மிகுதியாக உள்வாங்கும் என்பதையும் நினைவில் கொள்க. உடல் தன் சமநிலைச் சாய்வில் இருந்தால் இறுகப் பிடிக்கத் தேவையே இராது. முதற்பகுதியில் கண்ட கணக்கு இங்கும் உதவுகிறது.

அதிர்வு கைகளுக்குச் செய்யும் தீங்கு தொழிற்கூடங்களில் முன்பே அறியப்பட்டது. காற்றழுத்தத் துளைக்கருவி பிடித்த தொழிலாளரின் விரல்கள் வெளுத்து மரப்பதை 1911-இல் இத்தாலியில் லோரிகா விவரித்தார். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் தொழிலாளரிடம் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்தார். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம், எட்டு மணி நேர வேலைநாளில் கையை அடையும் அதிர்வு முடுக்கம் 2.5 மீ/வி² அளவை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீ/வி² அளவைத் தாண்டலாகாது என்று விதித்தது. எப்போதோ ஒருமுறை சுற்றுலா செல்பவர் இதை எண்ணி நடுங்க வேண்டியதில்லை. இறங்கிச் சற்று நேரத்தில் மரப்பு நீங்கிவிடும். ஆனால் மறுநாளும் நீங்காமலிருந்தாலோ, விரல்கள் வெளுத்தாலோ, ஹேண்டில்பார் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மாற்றுவதற்கு முன் அளவெடுங்கள்

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மேலே அமருங்கள். நீங்கள் வழக்கமாகச் செல்லும் வேகத்துக்குரிய சாய்வில் உடலை வையுங்கள். சுவரில் ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுத்தால் கோணத்தை அளந்துவிடலாம். கண்களை மூடி, முழங்கை சற்றே மடங்கியிருக்கக் கைகளை நீட்டுங்கள். கை நிற்கும் இடத்துக்கும் இப்போதுள்ள கைப்பிடிக்கும் இடையே மேல்நோக்கி எத்தனை செ.மீ., பின்னோக்கி எத்தனை செ.மீ. என்று நண்பர் அளக்கட்டும். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய எண்கள் இவை. இந்த நிலையில் முதுகில் சற்றே பாரம் தெரியும்; தெரியத்தான் வேண்டும். அந்தப் பாரத்தை ஏற்கக் காற்று இன்னும் வரவில்லை. நிற்கும் வண்டியில் முழுச் சுகம் தரும் நிலை, ஓடும்போது கைகளை இழுக்கும் நிலை என்பதை மறவாதீர்கள்.

அளந்த வேறுபாடு ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமானால் எதையும் வாங்க வேண்டாம். இறுக்கியைத் தளர்த்தி ஹேண்டில்பாரை 5 பாகை சுழற்றினால், பிடிமானத்திலிருந்து 15 செ.மீ. தள்ளியுள்ள கைப்பிடி 1.3 செ.மீ. நகர்ந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டுமானால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும். பிடிமானத்தில் குழாயின் விட்டம் ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது 22 மி.மீ.; சில பெரிய வண்டிகளில் 25.4 மி.மீ.; நடுவில் பருத்த அலுமினியக் குழாய்களில் 28.6 மி.மீ. அளவு மாறினால் பிடிமானத்தையும் மாற்றியாக வேண்டும். உயரம் கூடினால் கிளச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், மின்கம்பிகள், முன் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் ஆகியவை எட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எதுவும் விறைத்து நிற்கலாகாது, கை பெட்ரோல் டாங்கில் இடிக்கலாகாது. பிறகு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் திருப்புங்கள். திருப்பும்போது எஞ்சின் வேகம் தானாகக் கூடினால், ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. பிரேக் குழாய் குட்டையாயிருந்தால் இழுத்துச் சமாளிக்க வேண்டாம். நீளமானதை மாற்றி, உள்ளிருக்கும் காற்றை முற்றிலும் வெளியேற்றியபின்பே ஓட்ட வேண்டும். திருகுகளை வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கே இறுக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நீங்கள் எண்ணியிருக்கும் மாற்றம் அதில் அடங்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவது நலம்.

இத்தனைக்கும் பிறகு, எந்த ஹேண்டில்பாரும் செய்ய இயலாத வேலை ஒன்று உண்டு. எவ்வளவு பொருத்தமான நிலையிலும் அசையாமல் இருக்கும் தசை களைக்கும். அழுத்தத்தில் இருக்கும் நரம்பு மரக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, பத்து நிமிடம் நடந்து, விரல்களை மடக்கி நீட்டுங்கள். மீண்டும் ஏறும்போது, பிரேக் லீவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஐந்து விரல்களும் அதை உணர்ந்தால் புறப்படலாம்.